கதவைத் தட்டியவர்



உங்களுள் பலர் பெற்றோரின் பணி மாறுதலோடு ஊரும் பள்ளியும் மாறியவர்கள். புதிய வகுப்பறையின் வாயிலில் ஒரு கணம் தயங்கி நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். எவர் அருகில் அமர்வது, எம்மொழியில் பேசுவது என்ற தயக்கம் அது. ஆசிரியர்களுக்கும் அத்தயக்கம் உண்டு. நான் இவ்வூருக்கு வந்த முதல் வாரத்தில், உப்புக்கு இங்கு வழங்கும் சொல் தெரியாமல், சைகையால் கேட்கவும் கூச்சப்பட்டு, கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். அன்றிரவு உணவு உப்பின்றியே முடிந்தது.

இப்பாடம் கணித மேதை சீனிவாச இராமானுசனைப் பற்றியது. அவர் கண்ட கணித உண்மைகளை இங்கு விளக்கப் போவதில்லை. அதற்கு உங்கள் கணக்காசிரியர் இருக்கிறார். தம் வீட்டை விட்டும் ஊரை விட்டும் அவர் எவ்வாறு வெளியே வந்தார் என்பதை மட்டும் பார்ப்போம்.

இராமானுசன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கெழுதி வந்தவர். பள்ளியில் சிறந்து விளங்கிய மகன், உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணக்கு ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் உதவித்தொகை பறிபோயிற்று. 1905ஆம் ஆண்டில், வீட்டில் எவரிடமும் சொல்லாமல் அவர் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பதறித் தேடினர். சிறிது காலத்தில் அவர் திரும்பினார்.

பதினேழு வயதில் தனியே அவ்வளவு தொலைவு சென்றதைத் துணிவு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தோல்வியைத் தாய் தந்தையரிடம் சொல்ல அஞ்சியவர் சென்ற வழி அது. வீட்டைத் துறந்தாரேயன்றி, எந்த இடத்தையும் நோக்கி அவர் செல்லவில்லை.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் அவர் தேர்ச்சி பெறவில்லை. 1909இல் திருமணம் நிகழ்ந்தது. கையில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. இருந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே.

1910ஆம் ஆண்டில் அக்குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் புறப்பட்டார். தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள அவ்வூரில் வி. இராமசாமி ஐயர் துணை ஆட்சியராக இருந்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. முன்பின் அறியாத அவரிடம் இராமானுசன் கேட்டது பெரும்பதவி அன்று. அலுவலகத்தில் எழுத்தர் வேலை. குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்த ஐயர் அவ்வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். இத்தகைய அறிவைக் கோப்புகளுக்கிடையே புதைக்க அவர் மனம் ஒப்பவில்லை. மறுத்த கையோடு, சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயருக்கு ஓர் அறிமுகக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்து அவர் சென்றது நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவிடம். முதற்சந்திப்பில் ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிரில் நின்றவரோ முகம் மழிக்காத, எளிய உடையணிந்த இளைஞர். கையிலோ கசங்கிய குறிப்பேடு. மற்றொரு நாள் வருமாறு ராவ் சொல்லி அனுப்பினார். இத்தகைய விடையைப் பெற்றால் நம்மில் எத்தனை பேர் மறுபடி அவ்வாயிலை மிதிப்போம்? இராமானுசன் மறுபடியும் சென்றார். ஆட்சியருக்கு எவ்வளவு கணக்குத் தெரியும் என்பதை முதல்முறையே அவர் அளந்து வைத்திருந்தார்! எளிய முடிவுகளை முதலில் காட்டி, படிப்படியாகக் கடினமானவற்றுக்கு அழைத்துச் சென்றார். வேண்டுவது யாது என ராவ் வினவியபோது, கவலையின்றிக் கணக்குச் செய்ய உணவும் ஓய்வும் போதும் என்றார். ராவ் தம் பணத்திலிருந்து மாதந்தோறும் உதவினார். எனினும், உழைக்காமல் பிறர் பொருளில் வாழ இராமானுசன் நெடுநாள் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். அவர் உற்ற துணையாக நின்றார்.

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுசன் மடல் எழுதினார். அதற்கு முன் வேறு பேராசிரியர்களுக்கு எழுதிய மடல்களால் பயன் விளையவில்லை. ஹார்டியோ மடலின் அருமையை உணர்ந்து இங்கிலாந்துக்கு அழைத்தார். ஆனால் இப்போது தயங்கியவர் இராமானுசன். கடல் கடப்பதை அக்காலத்தில் அவர் சமூகம் ஏற்கவில்லை. ஓராண்டுக்குப் பின்னரே தாயாரின் இசைவு கிடைத்தது. குடுமி களையப்பட்டது, மேனாட்டு உடை வந்தது. அந்தக் கோலத்தில் தாயும் மனைவியும் தம்மைக் காணக் கூடாதென்று எண்ணி, முன்னதாகவே அவர்களைக் கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. வழியனுப்ப வந்தோருள் அவ்விருவரும் இல்லை.

கேம்பிரிட்சில் அவர் மரக்கறி உணவையே உண்டார், தாமே சமைத்துக்கொண்டார். அங்குப் பயின்ற மற்றோர் இந்திய மாணவர் பி.சி. மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர். குளிர்நாளொன்றில் இராமானுசனின் அறைக்குச் சென்ற அவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்கியும் குளிர்வதாக இராமானுசன் சொன்னார். மகலனோபிஸ் படுக்கையைப் பார்த்தார். அதில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டு, மேலே விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், இராமானுசன் விரிப்பின் மேலேயே படுத்து வந்தார்!

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் உப்பு நினைவுக்கு வரும். திருக்கோவிலூரிலும் நெல்லூரிலும் அறிமுகமில்லாப் பெரியோர் முன் குறிப்பேட்டை விரித்தவர் அவர். கடல் கடந்து மடல் எழுதியவர். அவரால், கம்பளியை எவ்வாறு போர்த்திக்கொள்வது என்று பக்கத்து அறையில் கேட்க முடியவில்லை. பெரிய கதவுகளைத் தட்டத் தெரிந்தவருக்கும் சிறிய கதவு கடினமாக இருந்திருக்கிறது.

1918இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்பே நோய் பற்றியிருந்தது. 1919இல் தாயகம் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

பயிற்சி

1. 'விசாகப்பட்டினத்திற்குச் சென்றதும் திருக்கோவிலூருக்குச் சென்றதும் ஒன்றல்ல.' இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? ஐந்து வரிகளில் எழுதுக. ஏற்கவில்லையெனில் தயங்காமல் மறுத்து எழுதலாம்.

2. மறுத்த கையோடு, மனம் ஒப்பவில்லை, வாயிலை மிதித்தல் - இவற்றைச் சொந்தத் தொடர்களில் அமைத்து எழுதுக.

3. உங்கள் தாயோ தந்தையோ இவ்வூருக்கு வந்த முதல் மாதத்தில் எவரிடமும் கேட்கக் கூச்சப்பட்டது எது? வீட்டில் தமிழிலேயே வினவி, அவர்கள் சொன்னவாறே எழுதி வருக.