கண்ணுக்கு மறையலாம், கைக்கு மறையலாகாது

வீட்டின் முன்புறத்தைச் செம்மையாக வைத்துக்கொள்வதில் நாம் காட்டும் சிரத்தையில் பாதியேனும் புழக்கடைக்குக் காட்டுவதில்லை. அங்கே நம் கண்ணை முதலில் உறுத்துவது கழிவுத் தொட்டியின் சிமெண்டு மூடியாகும். செப்டிக் டாங்க் என்று வழங்கும் அத்தொட்டி இன்று மலைக் கிராமங்களிலும் வந்துவிட்டது. அதன் மூடியை எவ்வாறு மறைப்பது, எவ்வாறு மறைக்கக் கூடாது என்பதே இம்மாதப் பாடம்.

நீலகிரியில் பெரும்பாலும் புழக்கடை என்பது சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலமே. அங்கேதான் துணி உலர்த்துகிறோம், பச்சைத் தேயிலைச் சாக்குகளை இறக்குகிறோம், குழந்தைகள் பந்தாடுகின்றனர். தொட்டிக்கும் வேறு இடமில்லாமையால் மூடி அதன் நடுவிலேயே அமைந்துவிடுகிறது. அதை மறைக்க எண்ணுவது தவறன்று. மறைக்கும் வழியிலேதான் தவறு நேர்கிறது.

முதலில் தொட்டியின் வேலையை அறிந்துகொள்வோம். உள்ளே வரும் கழிவில் கனமானது அடியில் வண்டலாகத் தங்குகிறது. எண்ணெய்ப் பசை மேலே ஏடாக மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் உறிஞ்சு குழிக்குச் செல்கிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வண்டலை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. எனினும் வண்டல் முற்றிலும் கரைவதில்லை. குளிர்ப் பிரதேசத்தில் அவ்வேலை இன்னும் மந்தமாகவே நடக்கும். ஆகவே 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து வண்டலை அகற்றியே தீரவேண்டும். அறுந்த இழையை எடுத்துக் கட்ட வழியில்லாத தறியை எந்த நெசவாளரும் ஏற்கமாட்டார். திறக்க வழியில்லாத தொட்டியும் அத்தகையதே.

இனி, செய்யக் கூடாதவற்றைக் காண்போம்.

1. மூடியின்மேல் சிமெண்டு பூசித் தளமாக்கிவிடுதல். திறக்கவேண்டிய நாளில் தளத்தையே உடைக்க நேரிடும். உடைக்கும்போது மூடியும் விரிசல் காணும்.

2. மண் கொட்டிப் பாத்தி கட்டுதல். 2 அடிச் சதுரமும் 3 அங்குலக் கனமும் உள்ள மூடியே சுமார் 65 கிலோ நிறையுள்ளது. அதன்மேல் ஓரடி உயரம் மண் இட்டால், மழையில் நனைந்தபின் ஏறத்தாழ 200 கிலோ சுமை கூடுகிறது. ஜூன் முதல் கூடலூர்ப் பக்கமும், அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் பெய்யும் அடைமழையை நினைத்துப் பாருங்கள். மண்ணுக்கடியில் மூடி விரிந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. மழைநீர் உள்ளே புகுந்து தொட்டி வழிந்தால், சரிவில் நமக்குக் கீழேயுள்ள வீட்டாரே அதன் துன்பத்தை அடைவர்.

3. அருகில் மரம் நடுதல். சவுக்கு மரம், தைலமரம் போன்றவற்றின் வேர்கள் ஈரத்தை நாடிச் சென்று தொட்டியின் இணைப்புகளைப் பிளந்துவிடும்.

4. கேரட், பீட்ரூட், கொத்தமல்லி முதலியவற்றைப் பயிரிடுதல். கசிவு இருப்பின் நோய்க்கிருமிகளும் குடற்புழுவின் முட்டைகளும் உணவில் கலக்கும்.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? ஒருவர் தனியே தூக்கக்கூடிய பூந்தொட்டிகளே எளிய வழி. மூடியின் நடுவில் பாரம் ஏற்றாமல், அதைச் சுற்றிலும் வரிசையாக வைத்தால் போதும். பார்ப்பவர் கண் பூவில் நிற்கும், மூடியில் விழாது. ஜெரேனியம், பிகோனியா, ஃபியூஷியா ஆகியவை நம் குளிருக்கு ஏற்றவை. உறைபனிக் காலத்தில் அவற்றை இறவாரத்தின் கீழ் நகர்த்திவிடலாம். ஹைட்ரேஞ்சியாவைத் தரையில் நடாமல் தொட்டியில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தேயிலைக்கு உகந்த அமில மண்ணே அதன் பூவுக்கு நீல நிறத்தைத் தருகிறது. சிமெண்டை ஒட்டி நட்டாலோ அதன் சுண்ணாம்பு மண்ணில் இறங்கி, நீலப்பூ வெளிர்சிவப்பாக மாறிவிடும்.

இடமுள்ளோர், மூடிக்கு இரண்டடி தள்ளி மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தி, அதில் கொடி படரவிடலாம். மூடிக்கே பச்சை அல்லது மண் நிறச் சாயம் அடிப்பது இன்னும் எளிது. எதைச் செய்யினும் தூக்கும் வளையம் வெளியே தெரியவேண்டும். காற்றுக் குழாயை எக்காரணத்தாலும் அடைக்கலாகாது. மூடி வீட்டுச் சுவரிலிருந்து எத்தனை அடியில் உள்ளதென்று அளந்து, சமையலறைக் கதவின் உட்புறம் எழுதி வைத்துவிடுங்கள்.

வீட்டில் நூலுக்குச் சாயமிடும் நெசவாளர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாயநீரையும் வெளுப்புத் தூள் கரைத்த நீரையும் இத்தொட்டியில் விடலாகாது. வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

இறுதியாக மிக முக்கியமான விஷயம். உடைந்த மூடியைப் பலகையாலோ தகரத்தாலோ மூடிப் பூந்தொட்டி வைத்து மறைப்பது, குழந்தைக்குக் குழி பறிப்பதாகும். உடைந்ததை அன்றே மாற்றவேண்டும். தொட்டிக்குள் யாரும் இறங்கலாகாது. உள்ளே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதளவில் அழுகிய முட்டைபோல் நாறும். மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றமில்லை என்று நம்பி இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் ஒருவர்பின் ஒருவராக மாண்டதுண்டு. ஆளைத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, கூலிக்கு வரும் மனிதரும் ஒரு வீட்டின் விளக்கு என்பதை எண்ணியும் நாம் உறிஞ்சு லாரியையே அழைக்கவேண்டும். லாரி ஏறாத சந்துகளுக்கு நீண்ட குழாய் வேண்டும். அக்கம்பக்கத்து அங்கத்தினர்கள் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் அலைச்சலும் செலவும் குறையும். கூட்டுறவு என்பது இதற்கும் பொருந்தும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வோர் அங்கத்தினரும் தம் புழக்கடைக்குச் சென்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வாராக. மூடி எங்கேயிருக்கிறது? விரிசல் உண்டா? கடைசியாக எப்போது திறந்தோம்? மூன்றுக்கும் விடை தெரிந்தபின் பூந்தொட்டி வாங்கப் புறப்படலாம்.