தினமும் ஓடும் மோரிஸ் மைனருக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்?

அப்பாவின் மோரிஸ் மைனரில்தான் நான் வளாகத்திற்கு வருகிறேன். இயந்திரத்தைப் புதுப்பித்தபோது, பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டால் வண்டி பறக்கும் என்றார் பட்டறைக்காரர். ஆசைப்பட்டேன். பறந்தது உண்மைதான், நெடுஞ்சாலையில் மட்டும். சமிக்ஞை விளக்குகளில் குலுங்கிக் குலுங்கி நின்றுபோனது.

காரணத்தைப் பார்ப்போம். கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுழன்றால் கேம்ஷாஃப்ட் ஒருமுறை சுழலும். அதன் மேடுகளே வால்வுகளைத் திறக்கின்றன. 1962இல் மைனருக்கு வந்த 1098 சிசி இயந்திரத்தில், பிஸ்டன் உச்சியை அடைய 5 பாகை இருக்கும்போதே உள்வால்வு திறக்கிறது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 45 பாகை சென்றபின் மூடுகிறது. ஆக மொத்தம் 230 பாகை. பந்தயக் கேம்ஷாஃப்டில் இது 300ஐத் தொடலாம். வேகமான சுழற்சியில், ஓடிவரும் கலவை தன் உந்தத்தாலேயே உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். தாமதமாக மூடுவது இலாபம். மெதுவான சுழற்சியிலோ, மேலேறும் பிஸ்டன் அதனைத் திருப்பித் தள்ளிவிடும். இழுவிசை குறையும். இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீள்வதால் எரிந்த புகையும் கலவையில் கலக்கும், வண்டி உதறும்.

நெரிசலில் ஊரும் வண்டிக்கு அசல் கேம்ஷாஃப்டே போதும். கொஞ்சம் துடிப்பு வேண்டுமா? 266 பாகைக்கு மேல் போக வேண்டாம் என்பேன். எதை மாற்றினாலும் டேப்பட்டுகளையும் புதிதாகப் போடுங்கள்; பழையவை புது மேடுகளைத் தின்றுவிடும். துத்தநாகச் சேர்மம் உள்ள எண்ணெய் ஊற்றி, முதல் 20 நிமிடம் 2,000 சுழற்சிக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். மேடுகளுக்கு எண்ணெய் நன்றாகத் தெறிப்பது அப்போதுதான்.