மலை ஈன்ற நகரம்

ஜெர்மனி நாட்டின் நடுப்பகுதியில் ஹார்ஸ் என்னும் மலைத்தொடர் கிடக்கின்றது. அதன் வடசரிவின் அடியில் அமைந்த பழம்பதி கோஸ்லார். ஊர்தியில் விரைந்து கண்டு மீளத்தக்க ஊரன்று அது. தெருக்கள் குறுகியன, வளைந்து வளைந்து செல்வன, கற்கள் பாவப்பெற்றன. ஆகவே, மாணவர்களே, நாம் கால்நடையாகவே அதனைக் கண்டு வருவோம். ஊரின் தென்புறத்தே ராமல்ஸ்பெர்க் என்னும் குன்று எழுந்து நிற்கின்றது. எத்தெருவில் நடப்பினும் அதனை மறவாதீர்கள். இந்நகரின் எழிலுக்கெல்லாம் விலை கொடுத்தது அக்குன்றே.

முதலில் அங்காடிச் சதுக்கத்தை அடைகின்றோம். நடுவே ஒரு நீரூற்று. அதன் உச்சியில் பொன்முலாம் பூசிய கழுகு. ஒருபுறம் நகரமன்றம், மறுபுறம் துணி வணிகர் குழுவினர் 1494-ஆம் ஆண்டில் எழுப்பிய மாளிகை. அம்மாளிகையின் முகப்பில் பேரரசர்களின் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மூலையில், குந்தியிருந்து பொற்காசு கழிக்கும் சிற்றுருவம் ஒன்றும் உண்டு! பேரரசர்களைச் செதுக்கிய காலத்திலும் சிற்பிகளுக்குக் குறும்பு இருந்தது போலும்.

சதுக்கத்தின் ஒரு கட்டடத்தில் நாள்தோறும் நான்கு முறை மணிகள் இன்னிசை எழுப்ப, பாவைகள் வெளிவந்து சுரங்கத்தின் கதையை நடித்துக் காட்டுகின்றன. ராம் என்னும் வீரன் வேட்டைக்குச் சென்றானாம். குதிரையை மரத்தில் கட்டிவைத்தானாம். பொறுமையிழந்த குதிரை குளம்பால் நிலத்தைக் கிளற, உலோகக்கல் வெளிப்பட்டதாம். இது செவிவழிக் கதை. 10-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த விடுகிண்ட் என்னும் துறவி, சாக்சனி நாட்டில் வெள்ளிச் சுரங்கம் திறக்கப்பெற்ற செய்தியைத் தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார். அது இக்குன்றைப் பற்றியதே என்பது அறிஞர் பலர் கருத்து.

இனித் தெருக்களில் நடப்போம். மரச்சட்டங்களை நிறுத்தி, இடைவெளியைச் செங்கல்லாலும் மண்ணாலும் நிரப்பிக் கட்டிய வீடுகள் இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. சட்டங்களில் மலரும் விலங்கும் செதுக்கப்பெற்றுள்ளன. பல வீடுகளின் கூரையும் சுவரும், எழுதுபலகை செய்யப் பயன்படும் சிலேட்டுக்கல்லால் மீன்செதிள்போல் போர்த்தப்பட்டுள்ளன. மழை நனைத்தபின் அக்கற்கள் கருநீலமாய் ஒளிரும் அழகே அழகு. 1693-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த சீமென்ஸ் குடும்பத்தார் இல்லமும் இங்கேதான் உள்ளது. மின்பொறித் தொழிலில் பெயர்பெற்ற வெர்னர் சீமென்ஸ் அக்குடியின் வழித்தோன்றலே. ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த், தம் தங்கை டாரதியுடன் 1798-99-ஆம் ஆண்டுக் கடுங்குளிர் காலத்தை இந்நகரில்தான் கழித்தார். வெளியே பனி உறைந்து கிடக்க, அவர் தம் இளமை நினைவுகளைக் கவிதையாக்கிக்கொண்டிருந்தார்.

இத்துணைப் பழைய வீடுகள் எவ்வாறு நிலைத்தன? 1552-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையின்படி சுரங்க உரிமை நகரத்தாரின் கையைவிட்டுப் பிரன்சுவிக் கோமகன்பால் சென்றது. செல்வம் குன்றியது. புது மாளிகை எழுப்பப் பொருளின்மையால், தீக்கு இரையாகாத பழைய வீடுகள் பல அவ்வாறே நின்றன. ஆனால் அதே வறுமை மற்றொன்றை விழுங்கியது. அதனை அடுத்த சதுக்கத்தில் காண்போம்.

அங்கே வெட்டவெளியில் ஒரு முகமண்டபம் மட்டும் தனித்து நிற்கின்றது. அதன்பின் பெருங்கோயில் ஒன்று இருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹென்றிப் பேரரசர் எழுப்பியது அது. பழுதுபார்க்கப் பணமில்லை என்று 1819-ஆம் ஆண்டில் அதனை இடிப்பதற்கு விற்றுவிட்டனர். சில ஆண்டுகளில் கல்லும் மிஞ்சவில்லை. எதிரே அதே பேரரசரின் அரண்மனை உள்ளது. அவர் உடல் ஸ்பையர் நகரில் அடக்கம் செய்யப்பட, இதயம் மட்டும் கோஸ்லாரில் வைக்கப்பெற்றது. அரண்மனையை ஒட்டிய உல்ரிக் சிற்றாலயத்தில் இன்றும் உள்ளது. அரண்மனைக் கூடத்துச் சுவரோவியங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டப்பட்டவை. அளவிற் பெரியனவாயினும், அரசரைப் புகழும் ஆர்வம் கலையை விஞ்சி நிற்கின்றது என்பதே என் கருத்து.

இங்கிருந்து ஏறத்தாழ அரைமணி நேரம் மேல்நோக்கி நடந்தால் ராமல்ஸ்பெர்க் சுரங்கத்தை அடையலாம். வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஈந்த மலை இது. வெடிமருந்து வருமுன், பாறையருகே விறகை அடுக்கித் தீமூட்டி, வெப்பத்தால் கல்லை வெடிக்கச் செய்தனர். அதற்கும் உலோகத்தை உருக்குதற்குமாக ஹார்ஸ் காடுகள் பெரிதும் அழிந்தன. உள்ளே, 1800-ஆம் ஆண்டையொட்டி ரோடர் என்பார் அமைத்த நீர்ச்சக்கரங்களைக் காணலாம். ஒரே நீர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சக்கரங்களைச் சுழற்றுமாறு அவர் வழி வகுத்தார். சுவர்களில் மயில்துத்தமும் அன்னபேதியும் நீலமும் பச்சையுமாகப் படிந்து விளக்கொளியில் மின்னுகின்றன. அவ்வழகைக் காணும்போது, புகையிலும் ஈரத்திலும் உழன்றவர்களை மறத்தல் ஆகாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறநாட்டார் பலர் இங்கு வலிந்து வேலை வாங்கப்பெற்றனர்.

1988-ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. கட்டடங்களை இடித்து அகற்றிவிடலாம் என்னும் எண்ணமும் எழுந்தது. பெருங்கோயிலை இழந்த ஊரல்லவா? நகரத்தார் பலர் ஒன்றுகூடி, கூடாது என்று வாதிட்டனர். சுரங்கம் காட்சிசாலையாயிற்று. 1992-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சுரங்கத்தையும் பழைய நகரத்தையும் உலக மரபுச் செல்வங்களாக ஒருங்கே ஏற்றது.

திரும்புமுன், தொழிலாளர் உடைமாற்றும் கூடத்தை எட்டிப் பாருங்கள். அங்கே பெட்டிகளோ அலமாரிகளோ இல்லை. ஒவ்வொருவரும் தம் உடையைக் கொக்கியில் மாட்டிச் சங்கிலியால் கூரைவரை உயர்த்திவிட்டு உள்ளே இறங்குவர். மாலையில் வந்து இறக்கி அணிந்துகொண்டு, மலையடியிலுள்ள தத்தம் வீடுகளுக்கு நடப்பர்.