விரைவுப் பரிசோதனைக் கருவி சொல்வது என்ன?



நம்மில் பலர் வீட்டில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம். சில விநாடிகளில் திரையில் ஓர் எண். இதுவும் ஒரு பயோசென்சார்தான். 1962இல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. ஸ்டிரிப்பில் உள்ள நொதி, இரத்தத்திலுள்ள சர்க்கரையோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. கருவி அதை அளந்து எண்ணாகக் காட்டுகிறது.

தொற்றுநோயைக் கண்டறியும் மின்னணு பயோசென்சார்களும் இதே அடிப்படையில் அமைந்தவைதாம். நொதிக்குப் பதிலாக, கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியையோ, அதன் மரபணுவோடு இணையும் டி.என்.ஏ. துண்டையோ மின்முனையில் பதித்திருப்பார்கள். மாதிரியில் கிருமி இருந்தால் அது அங்கே ஒட்டிக்கொள்ளும். மின் சமிக்ஞை மாறும். நோயாளியின் அருகிலேயே விரைவில் விடை அறிவதுதான் நோக்கம்.

ஆனால் விரைவு வேறு, உறுதி வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முகாமுக்கு 1000 பேர் வருகிறார்கள். 10 பேருக்கு மட்டுமே நோய் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். கருவி நோயாளிகளில் 100க்கு 90 பேரைச் சரியாகக் காட்டும். நோயில்லாதவர்களில் 100க்கு 10 பேரைத் தவறாக 'பாசிட்டிவ்' என்று சொல்லும். அப்படியானால் நோயாளிகளில் 9 பேர் பிடிபடுவார்கள், ஒருவர் தப்பிவிடுவார். நலமாக உள்ள 990 பேரில் 99 பேருக்கும் 'பாசிட்டிவ்' வரும். ஆக, 108 சீட்டுகளில் 9 மட்டுமே உண்மை! இத்தகைய பரிசோதனை ஒரு சல்லடை. சல்லடையில் நின்றவர்களுக்கு உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்த பிறகே நோய் என்று சொல்ல முடியும்.

எந்த நாளில் பரிசோதிக்கிறோம் என்பதும் முக்கியம். டெங்குவின் என்.எஸ்.1 புரதம் காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் இரத்தத்தில் நன்கு தெரியும். ஐ.ஜி.எம். ஆன்டிபாடியோ ஏறக்குறைய 5ஆம் நாளுக்குப் பிறகே தெரியத் தொடங்கும். நாள் தவறினால் நோயிருந்தும் 'நெகட்டிவ்' வரலாம். ஆகவே காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் தணிந்த பிறகும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு இருந்தால், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

'நெகட்டிவ்' என்றதும் காய்ச்சலோடு பிள்ளையை மத்ரஸாவுக்கு அனுப்புவதும் தவறு. 'பாசிட்டிவ்' என்றதும் அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெருவெல்லாம் பேசுவதும் தவறு. அந்தச் சீட்டு நோயாளிக்கும் மருத்துவருக்கும் உரிய அமானிதம். பேச்சுக்குப் பயந்து ஒருவர் மறுபரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிட்டால், இழப்பு அவரோடு நிற்காது. அவர் வீட்டுக் குழந்தைகளையும் தொடும்.

கருவி சொல்வது முதல் சொல். முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். இதை நாம் மனத்தில் வைத்தால், இன்ஷா அல்லாஹ், இந்த நல்ல கருவிகளின் முழுப் பயனும் நமக்குக் கிடைக்கும்.