மென்பொருள் மட்டும் போதுமா?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஏ.சி. வடிவமைப்புப் பயிற்சியில் மென்பொருளை மட்டும் கற்றால் போதாதா?

பதில்: போதாது. மென்பொருள் கணக்குப் போடும். நீங்கள் தரும் எண் சரியா என்று கேட்காது. சதுர அடியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆனால் ஒரே அளவு அறைகளிலும், மேற்கு வெயில் விழும் கண்ணாடிச் சன்னல் உள்ளதற்கும் மொட்டை மாடிக்குக் கீழே இருப்பதற்கும் அந்தத் திறன் கூடுதலாகத் தேவை. அதற்காகப் பெரிதாகவே வாங்கினால், அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரப்பதம் போகாமல் உடம்பு பிசுபிசுக்கும். அறைக்குள் இருப்பவரின் வெப்ப வசதிக்கான ஆஷ்ரே 55 தரநிலை, காற்றின் வெப்பநிலையோடு கதிர்வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடலுழைப்பு என ஆறு காரணிகளைக் கணக்கில் எடுப்பது இதனால்தான்.

இன்வெர்ட்டர் ஏ.சி. தானே சமாளிக்காதா என்பார்கள். ஓரளவுக்குத்தான், அதன் கம்ப்ரசரின் வேகம் குறைவதற்கும் எல்லை உண்டு. நிறுவனங்கள் மென்பொருளைத்தானே கேட்கின்றன என்பதும் நியாயமான வாதம்தான். ஆனால் விடை தவறாக வந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரே வடிவமைப்பாளர். மற்றவர் தட்டச்சு செய்பவர். பணம் கட்டுமுன், ஓர் அறைக்காவது வெப்பச் சுமையை, அதாவது ஏ.சி. வெளியேற்ற வேண்டிய வெப்பத்தை, கையால் கணக்கிடக் கற்றுத்தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்.