தீர்ப்புக்குப் பின் செய்ய வேண்டுவன

வழக்கில் டிகிரி கிடைத்துவிட்டால் பணம் தானே வீடு வந்து சேரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நீதிமன்றம் தீர்ப்பு வழங்குமேயன்றித் தானாகச் சென்று வசூலித்துத் தருவதில்லை. நிறைவேற்று மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியவர் வென்றவரே. டிகிரி பெற்ற பின்னரே வழக்காடியின் இடர் தொடங்குகிறது என்னும் கருத்தை இலண்டன் பிரிவி கவுன்சில் 1872-ஆம் ஆண்டிலேயே தெரிவித்துள்ளது!

கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் திருச்சி மாவட்டம், துறையூர் வட்டத்தைச் சேர்ந்தது. மேலேயுள்ள மலையோ நாமக்கல் மாவட்டம். அங்குள்ள அம்மையார் ஒருவர் தம் சேமிப்பான 40,000 ரூபாயைப் புரோநோட்டின் பேரில் கொடுத்து, துறையூர் முனிசீப் கோர்ட்டில் டிகிரியும் பெற்றுவிட்டார் என வைத்துக்கொள்வோம். கடனாளி கொடுக்க மறுக்கிறார்.

அவரிடம் என்ன சொத்து இருக்கிறது என்பதே முதற்கேள்வி. அதனை அம்மையார் ஊராரிடம் விசாரித்துத் திரிய வேண்டுவதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 21, விதி 41-இன்படி, சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தருமாறு கடனாளிக்கு உத்தரவிடக் கோரலாம். அதற்குப் பணியாதவரை மூன்று மாதம் வரை சிறையில் வைக்கலாம். இவ்விதியை நம்மவர் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்றே கருதுகிறோம்.

எல்லாவற்றையும் ஜப்தி செய்ய இயலாது. உடை, சமையற் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, உழவரின் ஏர், மாடு, விதை ஆகியவற்றை 60-ஆம் பிரிவு காக்கிறது. கடனாளியின் குடும்பமும் உண்டு உடுத்தி வாழ வேண்டுமன்றோ? சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரு பங்கும் தொடலாகாது. வகுப்பில் கணக்குச் சொல்வதுபோற் சொன்னால், விலக்களிக்கப்பட்ட படிகள் நீங்கலாகச் சம்பளம் 31,000 ரூபாய் எனில், மாதம் 10,000 ரூபாய் பிடிக்கலாம். அசல் நான்கே மாதத்தில் தீரும். வட்டியும் செலவும் தனி.

கடனாளியின் நிலம் நாமக்கல் மாவட்டத்தில் இருப்பின், டிகிரியை அவ்விடத்து நீதிமன்றத்திற்கு மாற்றி அனுப்பக் கோர வேண்டும் (பிரிவு 39). அவர் அரசு ஊழியராயின், சம்பளத்தைப் பிடிக்கத் துறையூர் நீதிமன்றமே உத்தரவிடலாம். சம்பளம் வழங்கும் அதிகாரி எவ்வூரில் இருந்தாலும் தடையில்லை (விதி 48).

"சிறையில் போடுங்கள்" என்பது கோபத்தில் எழும் சொல். கையில் பொருள் இருந்தும் வஞ்சகமாக மறுப்பவரையே அவ்வாறு அடைக்கலாம். வெறும் வறுமைக்காக அடைத்தல் ஆகாது என்று 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவுபடுத்தினார். பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவே இயலாது. சிறையிலிருப்பவரின் உணவுப் படியைக் கட்ட வேண்டியவரும் கடன் கொடுத்தவரே!

கடனாளி இடையில் சிறுசிறு தொகையாக நேரில் கொடுத்தால், இரசீது தந்து, அதை நீதிமன்றத்திலும் பதியச் செய்தல் வேண்டும். பதியாத தொகையை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. வீண் பிணக்கே மிஞ்சும்.

நிறைவேற்று மனுவை ஆறு மாதத்திற்குள் முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் பணித்துள்ளது. மனுப்போடக் காலவரையறை 12 ஆண்டுகள். ஆயினும் டிகிரிக்கு இரண்டாண்டு கடந்துவிட்டால் கடனாளிக்கு முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும்; அதற்குள் அவர் சொத்தை வேறு பெயருக்கு மாற்றிவிடவும் கூடும். ஆதலால் அம்மையார் தீர்ப்பு நகலைப் பெற்றவுடன் வக்கீலிடம் செல்வது நலம்.