பக்கப் பத்தி ஏன் கீழே விழுகிறது?

நம் சங்கத்தின் இணையப் பக்கத்தைக் கவனித்து வருபவன் என்ற முறையில், அன்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “என் கணிப்பொறியில் வலப்பக்கம் அழகாக நிற்கும் பத்தி, தம்பி வீட்டுக் கணிப்பொறியில் அடியில் போய்க் கிடக்கிறதே, ஏன்?” என்பதே அது. சைட்பார் எனப்படும் அந்தப் பக்கப் பத்தியில்தான் தமிழ் வகுப்பு நேரம், இரத்த தானத்திற்கான தொலைபேசி எண், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கான உதவி விவரம் ஆகியவற்றை இடுகிறோம். மொழி தெரியாத ஊரில் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும் குடும்பத்தின் கண்ணில் அந்த எண் படாவிட்டால், பக்கம் இருந்தும் பயனில்லை. ஆகவே, இணையப் பக்கம் அமைக்கப் பழகிவரும் நம் பிள்ளைகளுக்காக இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன்.

இதன் மூலம் ஒரு சாதாரணக் கூட்டல் கணக்குதான். நகரத்தில் வீடு வாங்கியவர்களுக்குக் கார்பெட் ஏரியா, பில்ட்-அப் ஏரியா என்ற சொற்கள் பழக்கமானவை. முன்னது வெளிச்சுவர்களுக்கு உள்ளே நாம் புழங்கும் தரை. பின்னது சுவரின் கனத்தையும் சேர்த்தது. இணையப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் இதே கதைதான். எழுத்து நிற்கும் இடம், அதைச் சுற்றிப் பேடிங் என்னும் உள் இடைவெளி, அதற்கும் வெளியே பார்டர் என்னும் கரைக்கோடு என மூன்று உண்டு. ‘அகலம் 260’ என்று நாம் எழுதினால் அது எந்த ஏரியா?

1996 டிசம்பரில் வெளியான சி.எஸ்.எஸ். விதிமுறை, அகலம் என்பது எழுத்து நிற்கும் இடம் மட்டுமே என்றது. ஆனால் விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பேடிங்கையும் பார்டரையும் சேர்த்தே அகலமாகக் கொண்டது. பக்கத்தின் மொத்த அகலம் 960 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கட்டுரைப் பத்திக்கு 700, பக்கப் பத்திக்கு 260. கூட்டினால் சரியாக 960. பக்கப் பத்திக்கு இருபுறமும் 10 பிக்சல் பேடிங்கும் இடப்புறம் 1 பிக்சல் கோடும் கொடுத்தால், விதிமுறைப்படி அதன் அகலம் 281 ஆகிவிடும். மொத்தம் 981. இருபத்தொரு பிக்சலுக்கு இடமில்லை. ஃப்ளோட் முறையில் நிறுத்திய பத்தி, இடம் போதாவிட்டால் கீழே இறங்கிவிடும். எக்ஸ்ப்ளோரர் 5இல் மட்டும் அது மேலேயே நிற்கும்.

எக்ஸ்ப்ளோரரின் கடைசிப் பதிப்பான 11க்கு விண்டோஸ் 10 கணிப்பொறிகளில் 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலும் ஆதரவு நிறுத்தப்பட்டது. இன்றைய உலாவிகள் அகலத்தை ஒரே விதமாகத்தான் கணக்கிடுகின்றன. ஆனாலும் பத்தி விழுவது நிற்கவில்லை. தமிழ்ப் பக்கங்களில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. நாம் எழுத்துருவைக் குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் நிர்மலா யூ.ஐ. போன்ற தன் எழுத்துருவையும், மாக் தமிழ் சங்கம் எம்.என். போன்ற தன்னுடையதையும் எடுத்துக்கொள்ளும். ஒரே சொல் இரண்டிலும் ஒரே நீளமாக இராது. அகலம் குறிப்பிடாத ஃப்ளோட் பத்தி, தன்னுள் இருக்கும் நீளமான வரிக்கேற்ப விரியும். ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கான’ போன்ற சொல் தலைப்பில் வந்தால் கேட்கவே வேண்டாம்!

இனி, சரிசெய்யும் வழியை வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, கோளாறு எந்தப் பெட்டியில் என்று கண்டுபிடியுங்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு ‘அவுட்லைன்’ கொடுங்கள். பார்டர் கொடுத்தால் அதுவே அகலத்தைக் கூட்டிவிடக்கூடும். அவுட்லைன் இடம் பிடிக்காது. எல்லை மீறிய பெட்டி உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஆவணத்தின் முதல் வரியில் ‘டாக்டைப் எச்.டி.எம்.எல்.’ அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்றைய உலாவிகளும் பழைய வழக்கங்கள் சிலவற்றுக்குத் திரும்பிவிடும்.

மூன்றாவது, எல்லாப் பெட்டிகளுக்கும் ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று எழுதுங்கள். அகலம் என்றால் இனிச் சுவரையும் சேர்த்தே கணக்கு. 260 என்றால் 260தான். விதிமீறல் என்று அன்று கருதப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 5இன் கணக்கையே இன்று நாம் விரும்பிக் கேட்டு வாங்குகிறோம் என்பது வேடிக்கை.

நான்காவது, ஃப்ளோட்டை விட்டு ‘கிரிட்’ முறைக்கு மாறுங்கள். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இது வந்துவிட்டது. இரண்டு பத்திகளை வரையறுத்துவிட்டால் இடம் போதாவிட்டாலும் பக்கப் பத்தி கீழே விழாது. கட்டுரைப் பத்திக்கு ‘மின்மேக்ஸ்’ கொண்டு குறைந்த அளவு பூஜ்யம் என்று குறிப்பிடுங்கள். இல்லையேல் பெரிய படமோ அட்டவணையோ அந்தப் பத்தியை விரித்து, பக்கப் பத்தியைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும்.

ஐந்தாவது, நீண்ட தமிழ்ச் சொற்களுக்காக ‘ஓவர்ஃப்ளோ-ரேப்: எனிவேர்’ சேர்த்துவிடுங்கள். இடம் போதாத சொல் எல்லை தாண்டாமல் அடுத்த வரிக்கு மடியும்.

செய்து முடித்ததும் சோதித்துப் பார்க்கவேண்டும். குரோமிலும் எட்ஜிலும் பார்த்துவிட்டு இரண்டு உலாவிகளில் பார்த்ததாக எண்ணிவிடாதீர்கள். 2020 ஜனவரியில் வெளிவந்த புதிய எட்ஜ் முதல் இரண்டுக்கும் உள்ளே ஓடும் எந்திரம் ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸிலும் ஐபோன் ஒன்றிலும் அவசியம் பாருங்கள்.

கைப்பேசியின் குறுகிய திரையில் இரண்டு பத்திகளுக்கு இடமில்லை. அங்கே பக்கப் பத்தியைக் கட்டுரைக்கு அடியில் வைப்பதுதான் வழக்கம். அது கோளாறு அன்று. ஆகவே அவசர எண்ணைப் பக்கப் பத்தியை நம்பி விட்டுவிடாமல், பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு வரியாக இடுங்கள். எந்த உலாவியிலும், எந்தத் திரையிலும் முதலில் தெரிய வேண்டியது அதுவே.